நான் கழுவித் தொலைத்த மஞ்சள் கல்

இந்த லேபில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "கல்லு வந்ததும் நேரா கழுவிடலாமே, எதுக்கு சார் முதல்ல இருட்டறைக்குக் கொண்டுபோகணும்?" பதில் சொல்ல ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. அதற்குள் யாராவது ஒருவருடைய பீக்கர் பொங்கி வழிந்துவிடுகிறது. எனவே எழுதி வைத்துவிடுகிறேன். படித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

1. பிஸ்கட் டின்

அப்போது நான் சேர்ந்து எட்டு மாதம். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்துக்குத் தி.நகரில் பாத்திரக்கடை. திருநெல்வேலியிலிருந்து வந்து போட்ட கடை. என்னையும் கல்லாவில் உட்காரச் சொன்னார்கள். நான் எவர்சில்வர் குடத்தைக் கையில் எடுத்தால் விலையைச் சொல்லாமல், இதில் குரோமியம் எத்தனை சதவீதம் என்று வாங்க வந்தவர் முன்னாலேயே யோசித்துக்கொண்டிருப்பேன். இரண்டு வாரம் பார்த்துவிட்டு அப்பாவே, "நீ எங்கயாச்சும் லேபுக்குப் போ, லே" என்று விட்டுவிட்டார்.

லேப் மயிலாப்பூரிலிருந்து ராஜா அண்ணாமலைபுரம் போகிற வழியில், ஒரு பழைய வீட்டின் பின்பாதியில் இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது. சுண்ணாம்புக்கல், ஜிப்சம், தாமிரத் தாது, இரும்புத் தாது என்று பார்ட்டிகள் அனுப்புவார்கள். எதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து ரிப்போர்ட் கொடுப்போம். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது மைதிலி மேடம். எம்.எஸ்ஸி. படித்தவர், நாற்பது வயது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தால் பியூரெட் தானாகவே சொட்டுவதை நிறுத்திவிடும்.

மேடத்தின் சட்டம் ஒன்று உண்டு. கழுவாத கல் மேஜைக்கு வரக் கூடாது. கல்லைச் சுற்றியிருக்கும் மண்ணும் உப்பும் கணக்கைக் கெடுத்துவிடும் என்பது காரணம். வந்த கல்லை முதலில் பேசினில் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து, பிறகுதான் நம்பர் ஒட்ட வேண்டும். இந்த வேலையில் நான் கெட்டிக்காரன். பாத்திரக்கடை வீட்டுப் பிள்ளைக்குத் தேய்க்கக் கற்றுத்தர வேண்டுமா?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜமால் வந்தார். ராயப்பேட்டைக்காரர். ஒரு தாமிரக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்த ஜியாலஜிஸ்ட். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர், அதனால் நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். கையில் ஒரு பிஸ்கட் டின். மூடியைத் திறந்து பஞ்சை விலக்கினார். உள்ளே கைப்பிடி அளவுக் கல். அதன் ஒரு முகம் முழுக்கப் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. உற்றுப் பார்த்தால் பொருக்கு இல்லை, மெல்லிய செதில்கள் பூப்பூவாகக் கூடி நின்றன.

"சண்முகம், பத்திரம். ஒண்ணுதான் இருக்கு" என்றார் ஜமால்.

"எங்க புடிச்சீங்க பாய்?"

"பழைய தாமிரச் சுரங்கம் ஒண்ணை எங்க கம்பெனி குத்தகைக்கு எடுத்துகினு கீது. ரொம்ப வறண்ட இடம், மழையே கிடையாது. உள்ள போனா சுவர்ல ஒரு பத்தடிக்கு இது பூத்திருக்கு. டங்ஸ்டன் தேடறதுக்கு வச்சிருக்கற அல்ட்ரா வயலட் லைட்டை அடிச்சுப் பாத்தேன். மச்சி, சொன்னா நம்ப மாட்டே. சுவரே எரியற மாதிரி பச்சையா ஜொலிக்குது!"

"யுரேனியமா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவருடைய மேனேஜர் தங்கவேலு இதை நம்பவில்லை. சுவரில் கசிந்த நீர் விட்ட மஞ்சள் கறை என்றாராம். அத்தோடு நிற்காமல், "கண்டதையெல்லாம் யுரேனியம் என்று சொல்லி சுரங்க முகாமின் நேரத்தை வீணாக்குகிறார்" என்று ஜமாலுடைய ஃபைலில் எழுதியும் வைத்துவிட்டார். ஜமாலுக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மேனேஜர் வெள்ளிக்கிழமை எங்கள் லேபுக்கு வருவார். வேறு தாமிர சாம்பிள்களின் ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்ள. அன்றைக்கு இந்தக் கல்லின் ரிப்போர்ட்டும் தயாராக இருக்க வேண்டும்.

"இருக்குன்னு வந்தா நான் நிக்கறேன். இல்லேன்னு வந்தா என் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன். பேசினில் இரண்டு குவளைத் தண்ணீர். கல்லை அதில் போட்டேன். கொஞ்சம் ஊறட்டும் என்று டீ குடித்துவிட்டு வந்தேன். பிறகு டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். நன்றாக, எல்லாப் பக்கமும், இடுக்கு விடாமல்.

2. நில்

கல் பளபளவென்று வந்தது. மஞ்சள் கொஞ்சம் மங்கியிருந்ததாகத் தோன்றியது. ஈரமாக இருப்பதால் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காய்ந்த பிறகு பார்த்தால் மஞ்சள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அழுக்குப் போயிற்று என்று சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா?

இருட்டறையில் எங்கள் அல்ட்ரா வயலட் விளக்கைப் போட்டோம். கல் கருப்பாக உட்கார்ந்திருந்தது. மேடம் ஒரு சில்லை எடுத்துப் பிளாட்டினக் கம்பி வளையத்தில் சோடியம் ஃப்ளோரைடோடு உருக்கிப் பாசிமணி மாதிரி ஒரு மணி செய்தார். யுரேனியம் துளி இருந்தாலும் போதும், அந்த மணி விளக்கின் கீழ் எலுமிச்சை நிறத்தில் ஒளிரும். இவ்வளவு நுட்பமான சோதனை எங்களிடம் வேறு கிடையாது. மணி ஒளிரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் ரிப்போர்ட் டைப் ஆயிற்று. யுரேனியம்: நில், அதாவது துளியும் இல்லை. கையெழுத்து மட்டும் பாக்கி. ஜமாலை வரச் சொல்லி மேடம் போன் செய்தார். அவர் வந்து தாளைப் பார்த்தார்.

"மேடம், நான் கண்ணால பாத்தேன்."

"பாத்திருப்பே, இல்லேங்கலே. சுரங்கத்துல ஆயிரம் வஸ்து ஒளிரும்ப்பா. கால்சைட்கூடத்தான் சில சமயம் ஒளிரும். நான் மணியைப் பாத்துண்டுதானே சொல்றேன்?"

"இன்னொரு சாம்பிள் எடுத்துகினு வந்தா?"

"தாராளமா வா. யார் வேண்டாம்னா?"

ஜமால் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "சனிக்கிழமை காலையில பம்ப்செட் வச்சு அந்தச் சுவரைக் கழுவறாங்க மேடம். கழுவிட்டாத்தான் தாமிர ரேகை சுத்தமாத் தெரியும், அப்பதான் சுவரை வெட்டி சாம்பிள் எடுக்க முடியும். மேனேஜர் ஆர்டர் போட்டாச்சு. நான் ரயில் ஏறி, பஸ் மாறிப் போய்ச் சேர்றதுக்குள்ள..."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "வெள்ளிக்கிழமை அவர் வரட்டும். அப்பறம் கையெழுத்துப் போடறேன். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்லப்பா."

ஜமால் கல்லைத் திருப்பி வாங்கிக்கொள்ள மறந்துவிட்டுப் போய்விட்டார்.

3. தரை

வியாழக்கிழமை காலை கல்லை வாங்க வந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. "கடைசியா ஒரு தடவை பாத்துடலாம் பாய்" என்று இருட்டறைக்குக் கூட்டிப்போனேன். அது ஒரு காலத்தில் அந்த வீட்டின் ஸ்டோர் ரூம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தோம். சிமென்ட் தரை. கதவைச் சாத்தி விளக்கைப் போட்டேன். அது மெல்ல உறுமிக்கொண்டு சூடாயிற்று. கல்லின் மேல் பிடித்தேன். ஒன்றுமில்லை. திருப்பினேன். ஒன்றுமில்லை.

"வுடு நைனா" என்றார் ஜமால்.

கையைத் தொங்கவிட்டேன். விளக்கு என் முழங்கால் அளவுக்கு இறங்கியது.

தரை ஒளிர்ந்தது.

மங்கலாகத்தான். ஆனால் சந்தேகமே இல்லாத மஞ்சள்பச்சை. ஈரத் துணி போன வழியெல்லாம் பெரிய பெரிய அரைவட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்று. மேஜைக் காலைச் சுற்றித் தண்ணீர் தேங்கிக் காய்ந்த இடத்தில் மெல்லிய கோடு, அது இன்னும் பளிச்சென்று இருந்தது. ஜமாலின் செருப்புகளுக்கு நடுவிலும் ஒரு வளைவு.

"யா அல்லா" என்றார் அவர். "இன்னாது இது?"

என் மண்டைக்குள் ஒரே சமயத்தில் பத்துப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்து, "முனியம்மா!" என்று கத்தினேன்.

முனியம்மா லேபைப் பெருக்கித் துடைக்கிறவர். கொட்டிவாக்கத்திலிருந்து வருவார். கையில் ஈரத் துணியோடு வந்து நின்றார்.

"இன்னா சார், இப்டி கூவற?"

"இந்த ரூமை எப்பத் தொடச்சீங்க?"

"நேத்து சாயங்காலம்தான். வாரத்துல ஒருவாட்டி புதங்கெழமை தொடப்பேனே. இன்னா, கறையா கீது? தள்ளு, இன்னொருவாட்டி தொடச்சிடறேன்" என்று குனிந்தார்.

"தொடாதீங்க!"

நானும் ஜமாலும் சேர்ந்து போட்ட சத்தத்தில் அவர் துணியைக் கீழே போட்டுவிட்டார். "நல்லா கீதே கதை! அழுக்கு வச்சா திட்டுவாங்கோ, தொடச்சா திட்டறீங்கோ!"

அந்தக் கோடையில் மெட்ராஸில் தண்ணீர் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கார்ப்பரேஷன் குழாய் விடிகாலையில் கொஞ்ச நேரம் வரும். அதைப் பிடித்து வைத்து நாள் முழுக்க ஓட்ட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் ஒரே உப்பு, அதை லேபுக்குள் விட மாட்டோம். கல் கழுவிய தண்ணீரை வீணாக்க யாருக்கும் மனசு வராது. பேசினிலிருந்து அதை ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி வைப்போம். முனியம்மா அதில்தான் தரை துடைப்பார். எல்லா வீட்டிலும் அரிசி கழுவின தண்ணீர், துணி அலசின தண்ணீர் எல்லாம் அப்படித்தான் இரண்டாம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்த மஞ்சள் கல் கிடந்த தண்ணீரும் அந்த வாளிக்குத்தான் போனது.

"வாளி எங்க? மிச்சத் தண்ணி?"

"கொல்லையில கீது. வாழைக்கு ஊத்தலாம்னு..."

நான் ஓடினேன். ஜமால் எனக்கு முன்னால் ஓடினார். வாளி வாழைக்குப் பக்கத்தில் இருந்தது. அரைவாளி. வாழை இன்னும் குடித்திருக்கவில்லை.

4. கரையும்

வாளியை இருட்டறைக்குத் தூக்கி வந்து விளக்கைப் பிடித்தோம். தண்ணீர் ஒளிரவில்லை. ஜமாலின் முகம் மறுபடி விழுந்தது. எனக்கு மட்டும் விழவில்லை. தரை ஈரமாக இருந்தபோது ஒளிர்ந்ததா, காய்ந்த பிறகு ஒளிர்ந்ததா? காய்ந்த பிறகு! ஒரு ஃபில்டர் பேப்பரை வாளியில் நனைத்து, ஹாட் பிளேட்டுக்கு மேலே கிளிப்பில் தொங்கவிட்டேன். ஈரம் போகப் போக, ஓரத்திலிருந்து உள்ளே பச்சை ஏறியது. எங்கள் கண் முன்னாலேயே.

அலமாரியில் கனிமங்களைப் பற்றிய தடிப் புத்தகம் ஒன்று இருந்தது. யுரேனியம் பகுதியை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். நிறம், செதில், ஒளி என்று பொருத்திக்கொண்டே வந்து ஒரு பெயரில் நின்றேன். ஷ்ரோக்கிங்கரைட். அபூர்வமான கனிமம். பச்சை கலந்த மஞ்சள் செதில்கள், நகத்தால் சுரண்டினாலே உதிரக்கூடிய மென்மை. புற ஊதா ஒளியில் பளீரென்ற மஞ்சள்பச்சை. சோடியம், கால்சியம், யுரேனியம், கார்பனேட், சல்பேட், ஃப்ளோரைடு, அத்தோடு பத்து மூலக்கூறு தண்ணீர். மளிகைக்கடைச் சீட்டு மாதிரி இத்தனையும் ஒரே கனிமத்தில்! எடையில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல் யுரேனியம். வறண்ட இடங்களிலும் பழைய சுரங்கச் சுவர்களிலும் கசிவு நீர் ஆவியாகும்போது பூக்கும்.

அதற்கு அடுத்த வரி: தண்ணீரில் கரையும்.

புத்தகத்தை மூடினேன். மறுபடி திறந்து அதே வரியைப் படித்தேன். உலகத்தில் யுரேனியக் கல் என்றால் ஆசிட் ஊற்றிக் கரைப்பார்கள். நான் குழாய்த் தண்ணீரில் கரைத்திருந்தேன். டூத் பிரஷ் வேறு.

மேடத்தின் மேஜைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தேய்த்தது, ஊறவைத்தது, டீ குடித்தது, நிறம் போனதைப் பார்த்தும் பேசாமல் இருந்தது. ஜமாலுக்கு முன்னாலேயே சொன்னேன். ஜமால் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "யார் கழுவச் சொன்னா?"

"நானாத்தான் மேடம்..."

"பொய் சொல்லாதே. நான்தான் சொன்னேன். இந்த லேப் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து சொல்லிண்டிருக்கேன்." டைப் செய்திருந்த ரிப்போர்ட்டை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "நின்னுண்டு என்னடா பாக்கறே? சைனா டிஷ்ஷெல்லாம் எடு. ஆத்துக்கு போன் பண்ணி நான் வர லேட்டாகும்னு சொல்லிடறேன்."

லேபில் இருந்த எட்டுப் பீங்கான் கிண்ணங்களையும் மணல் சட்டியில் வைத்தோம். வாளித் தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சுண்டவைத்தோம். சாயங்காலத்துக்குள் கிண்ணங்களின் அடியில் மஞ்சளாக ஒரு படிவு நின்றது. அது பழைய கனிமமாகவே திரும்பிவிட்டதா என்றால், சத்தியம் பண்ண மாட்டேன். கரைந்து காய்ந்தால் ஜிப்சம் ஒரு பக்கம் பிரியும், மற்றது ஒரு பக்கம் பிரியும். யுரேனியம் மட்டும் எங்கேயும் போகாது. படிவில் ஒரு துளி எடுத்து மேடம் மணி செய்தார்.

விளக்கின் கீழ் அது எரிந்தது. குண்டூசித் தலை அளவு மணி, எலுமிச்சைப் பழத்தை உள்ளே வைத்து விளக்கேற்றின மாதிரி. மேடம், ஜமால், நான் மூன்று பேரும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் மோதிக்கொண்டு குனிந்து பார்த்தோம். கதவிடுக்கில் நின்ற முனியம்மாதான் முதலில் பேசினார்.

"அய்ய, இன்னாமா அழகா கீது! இத்தயா நான் தரையில பூசி வச்சேன்?" பிறகு குரல் மாறியது. "யம்மா, கையிக்கு ஒண்ணும் ஆவாதே?"

"சோப்புப் போட்டு நன்னா அலம்பிக்கோ, முனியம்மா. இதுல இருக்கறது கொஞ்சூண்டுதான்" என்றார் மேடம். அந்த அறையை மூடிவைத்து, துடைத்த துணியை மூடி போட்ட ஜாடியில் வைத்தோம். சோதனை எல்லாம் முடிந்ததும் தரையை நாங்களே துடைத்து அந்தத் தண்ணீரையும் பிடித்து வைத்தோம். முனியம்மாவை அதைத் தொட விடவில்லை. புதியவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

5. மேனேஜரின் பை

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேனேஜர் தங்கவேலு வந்தார். கட்டையான ஆள், உரத்த குரல். தோளில் காக்கி கான்வாஸ் பை. சுரங்கம் சுரங்கமாகச் சுற்றி நிறம் போன பை. அதைக் கழற்றாமலேயே உட்கார்ந்தார். முன்பே வந்துவிட்ட ஜமால் சுவரோரமாக நின்றார்.

மேடம் விஷயத்தைச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"கல்லு எங்கம்மா ஒளிருது? காட்டுங்க."

"கல்லு ஒளிராது சார். நாங்க கழுவிட்டோம். கழுவின தண்ணிதான்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அப்ப அந்தத் தண்ணியில எத்தனை பேரோட கல்லைக் கழுவினீங்க?"

நியாயமான கேள்வி. அந்த வாளியில் அந்த வாரம் சுண்ணாம்புக்கல் கழுவின தண்ணீரும் இருந்தது, ஜிப்சம் கழுவின தண்ணீரும் இருந்தது. அந்தக் கற்களின் மிச்சத்தை வியாழக்கிழமையே தனித்தனியாகக் கழுவி, தனித்தனிப் பேப்பரில் காயவைத்துப் பார்த்திருந்தோம். எதுவும் ஒளிரவில்லை. பேப்பர்களை அவர் முன்னால் வைத்தேன்.

"இதெல்லாம் நேத்து கழுவினது. செவ்வாக்கிழமை வாளியில என்ன இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும் தம்பி?" என்றார். பிறகு ஒரு கல்லூரியிலிருந்து நாங்கள் இரவல் வாங்கி வைத்திருந்த, கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கவுன்டரைப் பார்த்தார். "இது என்ன, அலங்காரத்துக்கா? அதுல வை."

கிண்ணத்தை வைத்தேன். டிக் டிக் சத்தம் கூடியது. தெளிவாகவே கூடியது. ஆனால் அவர் எதிர்பார்த்த மாதிரி இல்லை.

"யுரேனியம்னா இது அலறணுமேப்பா. என்ன, பல்லி கத்தற மாதிரி கத்துது?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. புத்தகத்தை வைத்துக்கொண்டு ராத்திரி பாதி நேரம் யோசித்திருந்தேன். "சார், யுரேனியம் தானா அவ்வளவு சத்தம் போடாது. அது சிதைஞ்சு சிதைஞ்சு ரேடியம், அதுக்கு அப்புறம் வர்றதுங்கன்னு ஒரு வரிசை உண்டாகும். அதுங்கதான் கவுன்டரை அலற வைக்கும். அந்த வரிசை முழுசா நிரம்ப லட்சக்கணக்கான வருஷம் ஆகும். இது சுவர்ல நேத்திக்குப் பூத்த மாதிரி புதுசு. யுரேனியத்தை மட்டும் தண்ணி கரைச்சுக் கொண்டுவந்து வச்சிருக்கு, ரேடியம் மாதிரி பிள்ளைகளைப் பாறையிலேயே விட்டுட்டு வந்துடுச்சு. கவுன்டர் கம்மியாக் காட்டறதே இது புதுக் கனிமம்ங்கறதுக்கு அடையாளம்."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா தரை தொடச்ச தண்ணியை நம்பி நான் பம்ப்செட்டை நிறுத்த முடியாது. அங்க பதினஞ்சு ஆளு காத்துகிட்டிருக்கான். சரி, அந்த மணியையாவது காட்டுங்க. பாத்துட்டுப் போறேன்."

நால்வரும் இருட்டறைக்குள் போனோம். கதவைச் சாத்தினேன். மேடம் விளக்கைக் கையில் எடுத்தார். மணி இருந்த தட்டை நான் எடுப்பதற்குள் மேடம் விளக்கைப் போட்டுவிட்டார். வெளிச்சம் நேராக மேனேஜர் பக்கம் திரும்பியிருந்தது.

அவருடைய பை ஒளிர்ந்தது.

வாரில் ஒரு நீளக் கீற்று. வெளிப்பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாக, வான வெளியில் நட்சத்திரம் இறைத்த மாதிரி மஞ்சள்பச்சை. மடிப்புக்குள் உதிர்ந்து கிடந்த செதில்கள் தனித்தனியாக மின்னின. தண்ணீர் படாத செதில்கள்.

மேனேஜர் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். பையைத் தட்டினார். செதில்கள் பொறி பொறியாகப் பறந்தன.

"சார்," என்றார் ஜமால், ரொம்பப் பணிவாக, "இந்தப் பையை எந்த வாளியில கழுவினீங்க?"

"இதைக் கழுவினதே கிடையாதுய்யா" என்றார் மேனேஜர். அவர் குரல் இறங்கிவிட்டது. "போன வாரம் நீ காட்டினே இல்ல, அந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்துதான் டிபன் சாப்பிட்டேன்." சட்டென்று நிமிர்ந்தார். "டிபன் சாப்பிட்டேனேம்மா!"

"சாப்பிட்டா என்ன? கைய அலம்பிண்டேளோல்லியோ?" என்றார் மேடம். "பயப்படாதீங்கோ. ஆனா பையை இங்க வச்சுட்டுப் போங்கோ. இனிமே அது உங்க பையில்லை, சாம்பிள்."

அடுத்த பத்து நிமிஷத்தில் மேனேஜரே தந்தி வாசகத்தை எழுதினார். சுவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, பம்ப்செட்டைத் தொடாதே, காவல் போடு. மயிலாப்பூர் தந்தி ஆபீசுக்கு ஜமாலும் நானும் சைக்கிளில் டபுள்ஸ் போனோம். எக்ஸ்பிரஸ் தந்தி. கவுன்டரில் இருந்தவர் வாசகத்தைப் படித்துவிட்டு, "என்ன சார், கல்யாண வீட்டுச் சுவரா?" என்றார்.

6. சனிக்கிழமை

பதில் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. முகாம் மேஸ்திரி கொடுத்திருந்தார். குழாய் நீட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தண்ணீர் விடப்போகும் நேரத்தில் தபால்காரர் தந்தியோடு வந்திருக்கிறார். சுவர் அப்படியே இருக்கிறது.

ஜமால் அந்தத் தாளைப் படித்தார். மடித்தார். மறுபடி பிரித்துப் படித்தார். பிறகு என்னைத் தூக்கிவிட்டார், நிஜமாகவே, தரையிலிருந்து இரண்டடி. "கழுவினவனே! கழுவினவனே!" என்று கத்திக்கொண்டே லேபைச் சுற்றி வந்தார். பியூரெட் ஸ்டாண்ட் ஒன்று விழுந்தது. மேடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும்தான் அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தது.

யுரேனியம் என்றால் அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னோம். அவர்களுடைய ஆட்கள் வந்து, தண்ணீர் படாமல் சுவரிலிருந்து செதில் செதிலாக எடுத்துப் போனார்கள். எங்கள் முடிவும் அவர்கள் முடிவும் ஒன்றாகவே இருந்தன. ஜமாலுக்கு வேலை நிரந்தரமாயிற்று. ஃபைலில் எழுதியதை மேனேஜர் தன் கையாலேயே அடித்தார். அடித்த இடத்துக்குக் கீழே, "சரியாகவே சொன்னார்" என்று எழுதி முழுக் கையெழுத்தும் போட்டார்.

நான் கற்றுக்கொண்டது, இனிக் கல்லைக் கழுவக் கூடாது என்பதல்ல. முதலில் இருட்டறையில் பார்த்துவிட்டு, சுண்ணாம்புக்கல்லை இன்றைக்கும் கழுவுகிறோம், தேய்க்கிறோம். ஒரு கல்லில் ஒன்று இல்லை என்று எழுதுவதற்கு முன்னால், அது நம் கைக்கு வந்த பிறகு அதற்கு நாம் என்னென்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொண்டேன். கல் பொய் சொல்லாது. ஆனால் நாம் அதன் வாயைக் கழுவிவிட்டு, ஏன் பேசவில்லை என்று கேட்கக் கூடாது.

அதனால்தான் 'நில்' ரிப்போர்ட்டோடு ஒரு தாள் இணைக்கச் சொல்கிறேன். ஊறவைத்தோமா, சூடாக்கினோமா, தேய்த்தோமா, எவ்வளவு நேரம், நிறம் மாறியதா, எல்லாம் அதில் வரிசையாக இருக்க வேண்டும். டீ குடிக்கப் போயிருந்தால் அதையும் எழுதுங்கள், வெட்கப்படாதீர்கள். அந்தத் தாள் இல்லாமல் வருகிற ரிப்போர்ட்டில் கையெழுத்து விழாது. மேடம் போன வருஷம் கையெழுத்துப் போடும் அந்தப் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டார்.